பிளாஸ்டர் ஒட்டிய சுவிட்ச்

"நாலெழுத்துப் படிச்ச உடன மெசினுக்கும் டொக்டராகிட்டியோ, பிள்ளை?"

போன வருடம் மாரி தொடங்கிய நேரம், பாலையூற்றில் எங்கள் வாசிகசாலை முற்றத்தில் வைத்து, வாடகைக்கு வான் ஓட்டும் அண்ணை என்னைக் கேட்டது இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று வானுக்குள் என் அக்கா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலுள்ள சோதனைச்சாவடியை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வானின் பற்றரியோ செத்துக் கிடந்தது.

வாசிகசாலையில் கையில் தூக்கக்கூடிய சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வோல்ட் பற்றரி சார்ஜ் பண்ண அதில் தனி இடம் உண்டு. அண்ணை அதிலிருந்து வயரை வானின் பற்றரிக்குக் கொடுத்து உடனே சாவியைத் திருப்பினார். டிக்கென்று ஜெனரேட்டரின் பாதுகாப்புப் பொத்தான் வெளியே துள்ளி, மின்சாரம் நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே.

"அது வானை ஸ்டார்ட் பண்ணக் காணாது, அண்ணை. பற்றரியைக் கழட்டித் தாங்கோ, சார்ஜ் போடுவம்" என்றேன்.

"போன கிழமை மூண்டு மணித்தியாலம் போட்டும் ஏறேல்லை!" என்றவர், அதன் பிறகுதான் அந்த டொக்டர் கேள்வியைக் கேட்டார்.

ஏறாத காரணம் எனக்குத் தெரியும். பெட்ரோல் அளந்துதான் கிடைக்கிறது. அதை மிச்சம் பிடிக்க, இயந்திரத்தை மெதுவாக ஓடவிடும் சுவிட்சை எப்போதும் போட்டு, யாரும் தொடாதபடி மேலே பிளாஸ்டரும் ஒட்டியிருந்தார்கள். பற்றரிக்குச் சார்ஜ் போடும்போது அதை நிறுத்த வேண்டும் என்று ஜெனரேட்டருடன் வந்த ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு அதை வரி வரியாக வாசித்தவள் நான் மட்டும்தான்.

பிளாஸ்டரைப் பிய்த்தேன்.

"ஐயோ, பெட்ரோலைக் குடிக்கப்போகுது!" என்று கத்தினார் அண்ணை.

"குடிக்கட்டும்!"

கழற்றிய பற்றரியில் வயரை மாட்டி, பொத்தானை அழுத்தி, சுவிட்சை நிறுத்தினேன். ஜெனரேட்டர் உறுமியது. முக்கால் மணி நேரம் ஒருவரையும் கிட்ட விடவில்லை. அக்காவின் ஒவ்வொரு சத்தத்துக்கும் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

பற்றரியைத் திரும்பப் பூட்டினோம். ஒரே திருப்பில் வான் உயிர்த்தது.

"ஏறு பிள்ளை. வழியில வான் நிண்டாலும் நீதானே வேணும்" என்றார் அண்ணை.

சாவடியைத் தாண்டும்போது ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அக்காவின் மகள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள்.

படிப்பு ஏன் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. தொழில்நுட்பக் கல்லூரி மின்சார வகுப்பில் ஒரே பெண்ணாக, முன் கதிரையில் இருக்கிறேன்.