ஜிப் கோப்பின் அடித்தட்டு

என் வாழ்க்கையிலேயே நான் மிகுந்த தன்னம்பிக்கையோடு சொன்ன வாக்கியம், "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார்" என்பதுதான். அதைச் சொன்ன அரை மணி நேரத்தில் ஒருவர் கையில் மெமோ கொடுத்தார்கள். பொய் சொன்னது கம்ப்யூட்டர் இல்லைதான். அந்த அளவுக்கு வாக்கியம் சரி.

இரண்டாயிரத்துகளின் நடுவில், ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு பிரிண்டரும். வார்ப்பில் வரும் அலுமினியப் பாகம் ஒவ்வொன்றையும் ஒரு மெஷினில் வைத்துக் காற்றடித்து, கசிகிறதா என்று பார்ப்பார்கள். அளவு தானாகவே பதிவாகிவிடும். ஷிப்டுக்கு ஒரு கோப்பு. நாள் முடிந்ததும் அன்றைய கோப்புகளைச் சுருக்கி ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி வைப்போம். அதைத் திறந்து படித்து அறிக்கை அச்சிடும் நிரல் என் கைவண்ணம். ஜிப் படிப்பதற்கென்றே ஜாவா மொழியில் யாரோ எழுதிவைத்த நிரல்தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், தயாராக இருந்தது. அதை எடுத்து என் நிரலில் பொருத்தியதற்கே எனக்கு நடை மாறியிருந்தது.

நிரல் எழுதிய மாதம் அந்த லைனில் முதல் ஷிப்டு மட்டும்தான். வேப்பனப்பள்ளி, கெலமங்கலம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் ஓட்டினார்கள். அறிக்கை அச்சு அசலாக வந்தது. பிறகு இரண்டாம் ஷிப்டு தொடங்கியது. அதில் அந்த மெஷினை ஓட்டத் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனதும் மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து அழைத்து வந்து, மகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று கேன்டீனில் யார் அகப்பட்டாலும் சொல்வார்.

எல்லை தாண்டி பெங்களூரிலிருந்து வாடிக்கையாளர் தரத்தணிக்கைக்கு வருவதாகச் செய்தி வந்தது. குவாலிட்டி மேனேஜர் இரண்டு மாத அறிக்கை கேட்டார். அடித்துக் கொடுத்தேன். முதல் ஷிப்டு முழுக்க இருந்தது. இரண்டாம் ஷிப்டில் ஒரு எண்கூட இல்லை. அந்த ஆள் எதையும் சோதிக்காமலேயே அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தமாயிற்று. மேனேஜர் உள்ளூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, போனில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். அன்று மூன்றும் வந்தன.

அந்த ஆளைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். "ஒவ்வொரு பீஸா வச்சுல்லா பாத்தேன் சார். பச்ச லைட்டு எரிஞ்ச பெறவுதான் எடுப்பேன்" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏம்பா, நல்லாப் பாத்தியா? ஒரு மனுசன் பொழப்பு இது." அப்போதுதான் அந்தப் பொன்மொழியை உதிர்த்தேன். மெமோ கொடுத்து, மெஷினைத் தொடக்கூடாது என்று சொல்லி, அவரைக் கழிவு பொறுக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து, தணிக்கைக்காக அந்த ஜிப் கோப்புகளை சிடியில் எழுதிக் கேட்டார்கள். எழுதும்போது அளவு கண்ணில் பட்டது. இரண்டாம் ஷிப்டு தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு கோப்பும் இரட்டிப்புக் கனம். ஒன்றுமே பதிவாகாத ஷிப்டுக்கு ஏது கனம்? நிரல் எழுதியவன் என்ற கர்வத்தில் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தேன். மவுஸை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன். திறந்தது. உள்ளே இரண்டு கோப்புகள், அண்ணன் தம்பி மாதிரி.

சட்டென்று மூடினேன். பார்க்கக் கூடாத படத்தைப் பார்த்தவன் போலத் திரும்பிப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், தம்பி போயிருப்பான் என்று. போகவில்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவி வந்து பார்த்தேன். அப்போதும் இருந்தான்.

பிழை இவ்வளவுதான்: ஜிப்புக்குள் இருக்கும் கோப்புகளை அந்த லைப்ரரி ஒவ்வொன்றாகத்தான் தரும். ஒன்றைப் படித்ததும் அடுத்ததைக் கேட்க வேண்டும், இல்லை என்று சொல்லும்வரை. நான் ஒரே ஒரு முறை கேட்டிருந்தேன். அடுக்கு கேரியரில் மேல்தட்டைத் தின்றுவிட்டு, வீட்டில் குழம்பே வைக்கவில்லை என்று ஊரைக் கூட்டியவன் நான்.

இரண்டு வரி சேர்த்ததும் அவர் உழைப்பு மொத்தமும் வரிசையாக வந்து விழுந்தது. ஒரு பாகம்கூட விடுபடவில்லை. மேனேஜரிடம் ஓடினேன். ஓடும்போதே வாய் வேறு திசையில் போய்விட்டது. "கோப்பு கெட்டுப்போயிருந்துச்சு சார். போராடி மீட்டுட்டேன்." அவர் என் முதுகில் தட்டினார். மாலை கேன்டீனில் அந்த ஆள் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். "நீங்க மட்டும் இல்லன்னா எம் பொழப்பு போயிருக்கும் சார்." அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று கேட்காதீர்கள். குடித்தேன், அதுதான் கேவலம்.

ஆனால் வாயால் சொன்னால் மெமோ போகாது. எங்கள் தொழிற்சாலையில் எந்தக் குறைக்கும் 'ஐந்து ஏன்' தாள் எழுதியாக வேண்டும். ஏன் நடந்தது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து கட்டம். நிரப்பி, சம்பந்தப்பட்ட லைனின் பலகையில் ஒட்டுவார்கள். நான் எழுதினால்தான் மெமோவைக் கிழிப்பார்கள். கிழித்தால்தான் அவர் வேலை நிரந்தரம்.

முதல் கட்டத்தில் 'மின்தடை' என்று எழுதினேன். அது ஏன் கோப்பைக் கெடுத்தது? ஜெனரேட்டர் இருக்கிறதே. கிழித்துப் போட்டேன். 'வைரஸ்' என்றேன். அது ஏன் வந்தது? வைரஸைத் தடுக்க வேண்டியவனும் நான்தான். எந்தப் பொய்யில் ஏறினாலும் மூன்றாவது ஏனில் என் நாற்காலியில் இறக்கிவிட்டது. கடைசியில் உண்மையை எழுதினேன். ஐந்தாவது கட்டத்தில், "ஒரே ஷிப்டு ஓடியபோது சோதித்தேன், அதன்பின் சோதிக்கவே இல்லை" என்று இருந்தது.

மேனேஜர் தாளைப் படித்து முடித்தார். "அப்ப அன்னிக்கி பொய் சொல்லாதது அந்த ஆளுதான்" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

தாள் பலகையில் ஒரு மாதம் இருந்தது. முதல் ஷிப்டுப் பெண்கள் அதன் முன்னால் நின்று சாப்பாட்டு நேரத்தில் படித்தார்கள். நான் ஸ்டோர் வழியாகச் சுற்றிப் போய்வந்தேன். அந்த ஆளும் படித்திருக்க வேண்டும். அந்த மாலையிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்த டீ நின்றுபோனது.

நிரந்தர ஆணை வந்த அன்று அவர் ஊரிலிருந்து வரவழைத்த கடலைமிட்டாயை எல்லா மேசைக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். என் மேசையில் ஒன்று வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டடி போனவர் திரும்பி வந்து, இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டாவதும் இருக்கு சார். பாக்காம விட்டுறப் போறீங்க."

பக்கத்து மேசைகள் சிரித்தன. நானும் சிரித்தேன், காது சுட. அவர் நகரவில்லை. இரண்டையும் அவர் கண் முன்னாலேயே தின்று முடித்தேன்.