காலையில் ஒன்று

தங்கை வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிந்தது கீழ்வீட்டு அம்மாவால். சாமான் ஏற்றும் வண்டிக்கு வழிவிட்டுத் தன் செடித்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தவர் அவர்தான். "தங்கச்சி கெளம்பும்போது ஒம்போதே முக்கால் இருக்கும். நீங்க ஏன் கீழ வரல, உடம்பு சரியில்லையா?" என்று மாலையில் கேட்டார். ஆமாம் என்று அக்கா தலையாட்டிவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேரும். தங்கைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வண்டி வரைக்கும் வந்து வழியனுப்புகிறேன் என்று முந்தின நாள் அக்கா சொல்லியிருந்தாள். மூன்று அலாரம் வைத்தாள். மூன்றையும் அவளேதான் அணைத்திருக்கிறாள், அணைத்தது நினைவில் இல்லை. பதினொன்றரைக்கு எழுந்து பார்த்தால் பக்கத்து அறையில் கட்டில் மட்டும் கிடந்தது. மேஜைமேல் தங்கையின் சாவி. கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை.

இரவு தங்கை ஃபோனில் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நாலு தடவ உலுக்கினேன்க்கா. அஞ்சாவது தடவ உலுக்க மனசு வரல. நான் போறது உனக்கு ஒரு பொருட்டா இருந்திருந்தா நீயே எந்திரிச்சிருப்ப."

"அப்படி இல்லடி. என்னால முடியல."

"எல்லாருக்கும்தான் தூக்கம் வருது."

அந்த ஒரு வரி அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தூங்கினது வேறு, தங்கைமேல் இருந்த பாசம் வேறு என்று அவளை நம்பவைக்க வேண்டும். அதற்குமேல் அக்காவுக்கு வேறு ஆசை எதுவும் அப்போது இருக்கவில்லை.

அக்காவுக்கு நாற்பது வயது. பொய்ப்பல் செய்யும் ஒரு கூடத்தில் வேலை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் கல்லாக இறுகும் மாவைக் கரைத்து ஊற்றி மாதிரி எடுப்பவரை மாவு அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்த மாதிரியின்மேல் மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்குவது அக்கா. வாய்க்குச் சொந்தக்காரரை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி.

"கொட்டாவி, இன்னிக்கு மெழுகை உருக்கப் போறியா, நீயே உருகி ஊத்தப் போறியா?" என்பார் மாவு அண்ணன். அவளும் சிரித்துவைப்பாள். சிரிப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது.

மனச்சோர்வுக்கு ஒரு வருடமாக மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அழுகை நின்றிருந்தது, அசதி நிற்கவில்லை. தங்கை போன மூன்றாம் வாரம் மருத்துவரிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. மருத்துவர் சீட்டில் இன்னொரு வரி சேர்த்தார்.

"இது முழிப்புக்கு. காலையில ஒண்ணு. மத்தியானத்துக்கு மேல தொடக் கூடாது."

"சாப்பிட்டா சந்தோஷம் வருமா டாக்டர்?"

"முழிப்பு வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க."

முதல் நாள் எட்டு மணிக்கு விழுங்கினாள். பத்தரை வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு, தலைமேல் பல வருடமாகக் கிடந்த ஈரக் கம்பளியை யாரோ சத்தமில்லாமல் உருவி எடுத்த மாதிரி இருந்தது. கூடத்தில் எத்தனை சத்தம் இருக்கிறது என்பது அன்றுதான் காதில் விழுந்தது. அரவை இயந்திரத்தின் கீச்சொலி, தண்ணீர்க் குழாயின் சொட்டு, மாவு அண்ணன் மூக்குக்குள் பாடும் பாட்டு. வாய் உலர்ந்தது, மதியம் பசிக்கவில்லை, நெற்றிப்பொட்டில் லேசான வலி. ஆனால் கண் சொக்கவில்லை.

இந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு என்பதை நான்கைந்து நாளில் கண்டுகொண்டாள். அது வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் கை எதன்மேல் இருக்கிறதோ, நாள் முழுக்க அதோடு கட்டிப்போட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் பேச வேண்டும் என்று நினைத்தபடியே குளியலறைத் தரையைத் தேய்க்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது மூன்று மணி. உடனே ஃபோனை எடுத்து, ஓடு இடுக்கின் அழுக்கு முதல் மாத்திரையின் நிறம் வரை மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அக்கா," என்றாள் தங்கை, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு. "மாத்திரை போட்டா நான்கூடத்தான் வீடு கழுவுவேன்." பிறகு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அக்கா எடுக்கவில்லை. கோபத்தை வேலையில் காட்டினாள். இரண்டு நாளில் செய்வதை ஒரே நாளில் முடித்தாள். மாவு அண்ணன் திணறிப்போய், "தாயே, நீ கொட்டாவியாவே இருந்திருக்கலாம்" என்று கும்பிட்டார்.

மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல் வேலைக்கு வந்தது. அவருடைய பழைய பற்களின் மாதிரியும் கூடவே இருந்தது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு அரிசி நுழையும் அளவு சந்து. இப்படிப்பட்ட சந்தை இருபது வருடமாக அவள் அப்படியே விட்டு அடுக்கியவள்தான். பழைய வாய்க்குப் பழைய கோணல் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். அன்று அவள் கண்ணுக்கு அது பிழையாகத் தெரிந்தது. பற்களை நெருக்கி, சந்தை மூடி, பளபளவென்று தேய்த்து அனுப்பிவிட்டாள். அப்படி ஒரு அழகான வரிசையை அவள் செய்ததே இல்லை.

அனுப்பிய ஐந்தாம் நாள் அது திரும்பி வந்தது. கூடவே வந்த சீட்டை முதலாளி சத்தமாகப் படித்தார். "நோயாளி சொல்வது: இது என் வாய் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "என்னம்மா, நீயா இப்படி?"

"சார், பழைய மாதிரிய பாத்தேன். பாத்துட்டுத்தான் மூடினேன்."

மறுபடி மெழுகிலிருந்து தொடங்கினாள். சந்தைத் திறந்து வைத்தாள். முழுதாக விழித்திருந்தும் தான் செய்த தப்பு இது என்ற நினைப்பு அவளை ஏனோ ஆட்டிவிட்டது. இனி தூக்கத்தின்மேல் பழிபோட முடியாது.

மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே பாதி மாத்திரையாகக் குறைத்தார். பாதியில் கை நிதானப்பட்டது, பசி திரும்பியது. ஆனால் மாலைப்பொழுதின் நீளம் குறையவில்லை. அதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஆறு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றினால் நேராகப் படுக்கைதான். தூக்கம் அவளுக்கு ஒரு துணையாக இருந்திருக்கிறது. இப்போது ஆறிலிருந்து பத்து வரை நான்கு மணி நேரம், தெளிவாக, விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஒரு தட்டு, ஒரு தம்ளர் கழுவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கீழ்வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது படியில் போய் நின்றுகொள்வாள். அவர் உள்ளே போனதும் மேலே வந்துவிடுவாள்.

தங்கை மாதம் ஒருமுறை பேசினாள். அங்கே மழையா, இங்கே வெயிலா என்பதோடு சரி. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. அக்கா ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றுகொண்டுதான் பேசினாள். அது எதிர்ப்பக்கம் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

இப்படியே இரண்டு வருடம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், விரலெல்லாம் மெழுகோடு இருக்கும்போது ஃபோன் அதிர்ந்தது. மாவு அண்ணன் எட்டிப் பார்த்து, "உன் தங்கச்சிதான், நீளமா ஏதோ எழுதியிருக்கு" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், சுவர் நிழலில் நின்று படித்தாள்.

"அக்கா, ஆறு மாசமா காலையில என்னால எந்திரிக்க முடியல. ஆபீஸ்ல ரெண்டு தடவ கூப்பிட்டுப் பேசிட்டாங்க. சோம்பேறித்தனம்னு என்னையே திட்டிப் பாத்தேன், சரியாகல. யார்கிட்டயும் சொல்லல. அந்த மாத்திரை சாப்பிட்டப்போ உனக்கு எப்படி இருந்துச்சு? அன்னிக்கு நீ சொன்னத நான் கேக்கல. இப்ப மொதல்லேர்ந்து சொல்லு."