கம்பத்தை மறைத்த விமானம்

"ஆட்சேபணை எதுவாயினும் போட்டி நடந்த அன்றே, பொழுது சாயும் முன், எழுத்து மூலம், சான்று இணைத்துக் கொடுக்கப்பட வேண்டும்." விமானப் பந்தய விதிகளில் ஒன்று இது. அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, இன்றும் யாங்கூன் தெருவில் பெட்ரோல் வாசம் மூக்கில் ஏறினால், புழுதியும் எண்ணெய்ப் புகையும் தொண்டையைக் கரகரக்க வைத்த அந்த மாசி மாதப் பிற்பகலும், கூடவே இந்த விதியும்தான் நினைவுக்கு வரும்.

எனக்குப் பத்து வயது. நாங்கள் குடியிருந்த தின்கன்ஜூனில் இருந்து அப்பாவோடு, ஊருக்கு வெளியே மாவ்பிப் பக்கத்துத் திடலுக்குப் போயிருந்தேன். விமானச் சங்கத்தில் தினக்கூலி மெக்கானிக்காக இருந்த சித்தப்பா, கழித்துக்கட்டிய ஒரு விமானத்தின் இயந்திரத்தை மழைக்காலம் முழுக்கப் பிரித்து மாட்டி உயிர்ப்பித்திருந்தார். அந்த ஏழாம் எண் விமானம் ஜெயித்தால் அவருக்கு நிரந்தர வேலை என்று செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். வாய்மொழி வாக்குதான், அதன் மதிப்பு எனக்குப் பின்னாளில் தெரிந்தது.

திடலின் கோடியில் உயரமான சிவப்பு வெள்ளைக் கம்பம் ஒன்று. விமானங்கள் தாழப் பறந்து, அதன் வெளிப்பக்கமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். உள்பக்கம் புகுந்தால் குறுக்கு வழி, தோல்வி. கம்பத்துக்கு வெளியே, கயிற்றுக்குப் பின்னால், அப்பாவின் "பொட்டிக் கேமரா"வோடு நின்றேன். ஒரே ஒரு படம் மீதி. பக்கத்தில் நின்ற பத்திரிகைப் படக்காரர் குனிந்து பார்த்தார்.

"பாப்பா, அந்தப் பொட்டியில மாட்டு வண்டியப் புடிக்கலாம். ஏரோப்ளேன் உனக்காக நிக்குமா?"

நிற்காது என்று எனக்கும் தெரியும். அத்தை வீட்டுக்குப் போகும் ரயிலும் சின்ன நிலையங்களில் நிற்காது; பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டுமானால் அதோடு சேர்த்துத் தலையையும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வெறும் கோடுதான் தெரியும். ஆகவே கடைசிச் சுற்றில், ஏழாம் எண்ணைத் தொலைவிலேயே கேமராக் கண்ணாடியில் பிடித்து, பெட்டியை வயிற்றோடு அணைத்து, உடம்பு முழுவதையும் அதோடு திருப்பி, கம்பத்தருகே விசையைத் தட்டினேன்.

ஏழுதான் முதலில் வந்தது. சித்தப்பா துள்ளிக் குதித்து முடிப்பதற்குள், கம்பக் காவலர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். உள்பக்கம் புகுந்துவிட்டதாம். விமானம் இரைந்து போனபோது அந்த மனிதர் காதைப் பொத்திக் குனிந்திருந்ததை நான் பார்த்தேன்.

"குனிஞ்சவன் என்னத்தப் பாத்தான்?" என்று சித்தப்பா கத்தினார்.

செயலாளர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, பர்மிய மரியாதையோடு கேட்டார். "ஆதாரம் இருக்கா, கோ ராஜு?"

"எங்க அண்ணன் மக படம் எடுத்திருக்கா, ஊலே." ஊலே என்றால் மாமா; செயலாளரைச் சித்தப்பா அப்படித்தான் கூப்பிடுவார்.

"எங்கே படம்?"

படம் பெட்டிக்குள் இருந்தது. பொழுது சாய அரை மணிதான். துறைமுக அலுவலக எழுத்தரான அப்பா, தேநீர்க் கடை மேசையில் காகிதத்தை விரித்து ஆட்சேபணையை எழுதி, கீழே "இணைப்பு: நிழற்படம் ஒன்று (கழுவுதலில் உள்ளது)" என்று முடித்தார்.

"அண்ணே, படம் விழலைன்னா?"

"விழலைன்னா இணைப்பு காணாமப் போச்சுன்னு எழுதுவேன். அதுக்கும் ஃபாரம் இருக்குடா."

சிரித்தாரே தவிர, எழுதியதை மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்த பிறகுதான் பேனாவை மூடினார். செயலாளர் வாங்கி முத்திரை குத்தினார். இணைப்பு என்ற சொல்லைக் கண்டால் முத்திரையைத் தேடுவது அலுவலகக் கைகளின் சுபாவம்.

மறுநாள் ஸ்டூடியோவில் ஈரப் படத்தைப் பார்த்தோம். மரமும் மேகமும் கோடுகோடாகக் கரைந்திருக்க, ஏழாம் எண் மட்டும் இறக்கையின் அடிப்புறத்தைக் காட்டிக்கொண்டு, ஆணி அடித்தாற்போல் நின்றது. கம்பம் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. நடுவை விமானம் மறைத்திருந்தது. அப்படியானால் எனக்கும் கம்பத்துக்கும் இடையில், வெளிப்பக்கமாகத்தான் அது போயிருக்கிறது! உள்ளே போயிருந்தால் கம்பமல்லவா விமானத்தை மறைத்திருக்கும்?

சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். படம் கழுவ வந்திருந்த பத்திரிகைக்காரரின் விலை உயர்ந்த கேமராவில் மூன்று படங்கள்; மூன்றிலும் சுத்தமான வானம்.

"எப்டிம்மா அத நிக்க வச்ச?"

"அது நிக்கல. நான்தான் கூடவே திரும்புனேன்."

படத்தை அன்றே கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறகு அப்பா ஒரு நினைவூட்டல் எழுதினார், இரண்டாவது எழுதினார், மூன்றாவதில் முதல் இரண்டையும் பார்வை என்று காட்டினார். சித்தப்பா தினக்கூலியிலேயே போய் வந்துகொண்டிருந்தார்.

இன்று அந்தத் திடல் முழுக்க வீடுகள். சங்கம் கலைந்துவிட்டது, பிலிம் கழுவும் கடையும் இல்லை; பேத்தி கைப்பேசியில் கண்மூடித் திறப்பதற்குள் இருபது படம் எடுத்து, பத்தொன்பதை அழிக்கிறாள். சித்தப்பாவும் இல்லை. ஆனால் அவர் அந்தச் சங்கத்தின் நிரந்தர மெக்கானிக்காகவே ஓய்வு பெற்றார். ஏழாம் எண்ணுக்கே முதலிடம் என்ற முடிவும் அவருடைய நியமன ஆணையும் ஒரே உறையில் வந்தன. தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு முன் மேசையைக் காலி செய்யும் அவசரத்தில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பொறுமையில்லாத பிள்ளைகள் திருவிழாவுக்கு முதல் நாளே ஊற்றிய வாளித் தண்ணீரில் தபால்காரர் தெப்பமாக நனைந்து, உறையை மட்டும் உலர்வாக நீட்டிய அந்த நாள், பங்குனி இருபத்தொன்பது, புதன்கிழமை.