பேச்சு வராத தம்பியும் ருக்மணி டீச்சரும்

வறுத்த மாவில் சூடான வெல்லப்பாகு விழும்போது எழும் வாசனை எங்கள் தெருக்கோடி வரைக்கும் வரும். கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சிற்றூரில், ஓட்டு வீடொன்றின் முன்னறையில் நடந்த பால்வாடியில் ருக்மணி டீச்சர் "சத்துருண்டை" பிடிக்கிறார் என்று அதற்கு அர்த்தம். பால்வாடி நடத்திய சத்துணவுத் திட்டத்துக்கு வெளிநாடுகளிலிருந்து உதவி வந்ததால் ஊரில் அதற்கு "வெள்ளைக்காரன் உருண்டை" என்றும் ஒரு பெயர் உண்டு.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் வயலுக்குப் போய்விட, ஒன்றரை வயதாகியும் நடக்காத தம்பி முருகேசனை இடுப்பில் வைத்துக்கொள்வதற்காக என்னை ஒன்றாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். அவன் அழக்கூட மாட்டான். என் தோளில் தலையைச் சாய்த்து அப்படியே கிடப்பான்.

அவனை எடை போட வேண்டும் என்று டீச்சர் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டால் கண் பட்டுவிடும் என்று அம்மா மறுத்துவிட்டாள். நான்காம் முறை, டீச்சர் தம் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தார். தராசை எங்கள் வீட்டு விட்டத்தில் மாட்டி, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, தம் மகளை முதலில் அதன் தூளியில் இட்டார். அதற்குப் பிறகு அம்மாவால் மறுக்க முடியவில்லை. எடையைக் குறிக்க டீச்சர் கொண்டுவந்த வளர்ச்சி அட்டையில் தம்பிக்கு விழுந்த புள்ளி எல்லாக் கோடுகளுக்கும் கீழே இருந்தது.

"பிள்ளையப் பகல்ல என்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கிறேன். இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க," என்றார் டீச்சர். அப்படித்தான் நான் மறுபடியும் சிலேட்டைத் தொட்டேன்.

உருண்டை தின்று தம்பி தேறி நடக்க ஆரம்பித்தான். பேச்சு மட்டும் வரவில்லை. சில மாதம் கழித்து, திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வெளிநாட்டு அம்மையார் ஒருவர், மதுரையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளரோடு பால்வாடிக்கு வந்தார். தாய்மார்களோடு தரையில் உட்கார்ந்தவர், பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்காமல், பிள்ளையோடு என்ன பேசுவீர்கள் என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா பொதுவாகவே வாய் திறக்காதவள். டீச்சர் பக்கம் திரும்பி, "பேச்சு வராத பிள்ளைகிட்ட என்னத்தப் பேசுறது? இவுக என்ன இப்படிக் கேக்குறாக?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லக் கேட்ட அம்மையார், தம்பியைத் தம் முன்னால் உட்காரவைத்து, ஊர்ச்சேதி சொல்வதுபோலத் தம் மொழியிலேயே ஏதோ பேசினார், பேசிவிட்டு நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் பேசினார். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவன், மூன்றாம் தடவை நிறுத்தியபோது பதிலுக்கு ஒரு சத்தம் கொடுத்தான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து அம்மா பேசத் தொடங்கினாள். உலை வைக்கும்போதும் களை பறித்த கையைக் கழுவும்போதும், தான் பிறந்த ஊரை, தன் அப்பா தோளில் உட்கார்ந்து திருக்கோஷ்டியூர்த் தெப்பம் பார்த்ததை, சின்ன வயதில் செத்துப்போன தன் தங்கையை, ஒவ்வொன்றாகத் தம்பியிடம் சொன்னாள். என்னிடம் ஒருநாளும் சொல்லாத அவற்றையெல்லாம் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே நானும் கேட்டேன். தம்பிக்குப் பேச்சு வந்தது. அம்மா யார் என்று எனக்குத் தெரிந்ததும் அப்போதுதான்.

அந்த ஓட்டு வீடு இப்போது இல்லை. பிள்ளைகளை மின்தராசில் நிறுத்தி எடையைச் செல்போனில் பதிகிறார்கள். புள்ளி வைத்த அட்டை எவர் வீட்டிலும் இல்லை. அம்மாவும் போய்விட்டாள். அன்று வந்த அம்மையாரின் பெயரை நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. காரைக்குடியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் தம்பியும் நானும் போன மாதம், குன்றக்குடியில் இருக்கும் டீச்சரைத் தேடிப் போனோம். எங்கள் பெயரை, அம்மா பெயரை, தெருவைச் சொன்னோம். டீச்சர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனையோ பிள்ளைக தம்பி. நீங்க எந்த வீடுன்னு பிடிபடலையே," என்றார்.

அத்தனை வீடுகளுக்கும் அவர் நடந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, இருவரும் அவரை விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தோம்.