ஒழுக்கு மெக்கானிக்கின் வலது கை

பழைய காலத்துக் கார்களில் எண்ணெய் எங்கே கசிந்தாலும் கண்டுபிடித்து அடைத்துவிடுவார் என்பதால் அவருக்கு ‘ஒழுக்கு’ என்று பெயர் விழுந்தது. “ஒழுக்கத்தைத் திருத்துறேன்னு தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கான். ஒழுக்கைத் திருத்த நான் ஒருத்தன்தான்” என்று அவரும் சளைக்காமல் சொல்வார். மனைவியின் தம்பியும் அவருமாகப் பட்டறையை நடத்தினார்கள்.

தொல்லை டார்க் ரெஞ்சில் தொடங்கியது. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் அளவு வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் ‘டொக்’ என்று சொல்லிவிடும். கொஞ்ச நாளாக அந்த டொக் லேசில் வருவதில்லை என்று அவருக்குப் பட்டது. மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ரெஞ்ச் கெட்டுப்போய், வைத்த அளவுக்கு மேல் இறுக்குகிறது என்று முடிவு கட்டினார். பழைய எஞ்சின்களின் அலுமினியம் அதைத் தாங்காது. மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் அளவைக் குறைத்து வைக்க ஆரம்பித்தார். மச்சினனிடம்கூடச் சொல்லவில்லை.

பல் டாக்டர் ஒருவரின் கார் திரும்பி வந்தது. “வாசல்ல மறுபடியும் எண்ணெய்க் கறை, அண்ணே” என்றார் டாக்டர். ஒழுக்கு, கசிவை அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு அனுப்பினார். கார் மறுபடியும் வந்தது. டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் ஒழுக்குக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“இந்த ரெஞ்சை இன்னைக்கு ஒரு கை பாத்துடணும், மாப்ள” என்றார் மச்சினனிடம்.

ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கவ்வவைத்து, கைப்பிடி படுக்கை வாட்டத்தில் நீட்டியிருக்கும்படி இறுக்கினார்கள். பிடியில் அளந்து குறித்த இடத்தில் மச்சினன் எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டான். இத்தனை தூரத்தில் இத்தனை எடை தொங்கினால் இத்தனை இறுக்கம் என்பது கணக்கு. அந்த எடை வந்ததும் டொக் கேட்டால் ரெஞ்ச் சரி.

கேட்டது. கற்களை இறக்கி மறுபடி ஏற்றினார்கள். வேறு அளவு வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் பிசகவில்லை.

“ரெஞ்ச் சரியாத்தான் இருக்கு, மாமா.”

“ம்.”

“அப்ப கோளாறு எதுல?”

ஒழுக்கு வலது கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. இடது கையில் அப்படி இல்லை. சில மாதங்களாக அவருடைய சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். “இந்த வயசுல கொஞ்சல் கேக்குதாக்கும்” என்று அவள் சொன்னபோது அவரும் சேர்ந்து சிரித்திருந்தார்.

“ரெஞ்ச் கெட்டுப்போச்சுன்னு அளவைக் குறைச்சு வெச்சு இறுக்கிட்டேன், மாப்ள. இத்தனை நாளும்.”

மச்சினனின் முகம் வெளுத்தது. “சக்கரத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

மனைவி அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். “முதல்ல வண்டிங்க வரட்டும்” என்று சொல்லிவிட்டார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, தன்மேல்தான் தப்பு என்று சொல்லி வரவழைத்தார். மச்சினன் இறுக்க, அவர் பக்கத்தில் நின்றார். ஒருத்தர் மட்டும் “உங்க சங்காத்தமே வேணாம்” என்று போனை வைத்துவிட்டார். அந்தக் கார் என்னவானது என்று கடைசிவரை தெரியவில்லை. பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் ஒரு அம்மாவின் காரில், பின்சக்கரத்தின் போல்ட்டுகள் இரண்டு முறிந்து, மற்றவை ஆடிக்கொண்டிருந்தன. ஒழுக்கு வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடிக்க அவருக்குக் கூசியது.

ஆஸ்பத்திரியில் நரம்பு வியாதி என்றார்கள். சதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோரும். “மருந்து?” என்று மனைவி கேட்டாள். “கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்” என்றார் அங்கிருந்த டாக்டர்.

அடுத்து இடது கை போனது. அப்போதும் பட்டறைக்கு வந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொன்னார். பிறகு நாக்கு குழறியது. புதிதாக வந்த ஒருவர், “காலையிலேயே ஊத்திக்கிட்டாரா உங்க ஆளு?” என்று கேட்டார். மச்சினன் சாவியை அவர் கையில் திணித்து, வேறு பட்டறை பார்க்கச் சொன்னான். ஆனால் அது ஒழுக்கின் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் அவர் வரவில்லை; அதற்குப் பிறகும் வரவில்லை.

மனைவி சோற்றைக் குழைத்து ஊட்டினாள். அது தொண்டையில் இறங்கும்வரை முகத்தையே பார்த்திருப்பாள். புரையேறும்போது தலையைத் தாங்கிக்கொள்வாள். கடைசியில் வெறும் கஞ்சித் தண்ணீர்தான் இறங்கியது.

ஒரு மழை நாள் மதியம், அவள் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் மூச்சு அடங்கியிருந்தது. துணிகளைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் ஏதோ ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான்.

“வாடா” என்றாள்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.