பூட்டக்காவும் பன்னிரண்டு வரிகளும்

செவ்வாய்க்கிழமை காலை. தேநீர் ஆறிக்கொண்டிருக்க, பூட்டக்கா திரையோடு சண்டை பிடிக்கிறார். "மறுபடியும் நிரல்ல பேரை மாத்திட்டாங்க. இருந்த பேருக்கு என்னடா குறைச்சல்?"

ரகசியங்களைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் நிரல் தொகுப்பு ஒன்றை, முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு வருடத்துக்கு முன் அலுவலகம் அதைப் பிரதியெடுத்து, தன் வசதிக்கு அங்கங்கே மாற்றிக்கொண்டது. மூலத்தில் என்ன திருத்தினாலும் பிரதியிலும் சேர்க்க வேண்டும். சொந்த மாற்றங்களும் கலையக் கூடாது. பூட்டக்காவுக்கு அதுதான் வேலை, பட்டப்பெயரும் அதனால்தான். மூலத்தை முதலில் 'பெரிய வீடு' என்றுதான் சொல்லிவந்தார். "அப்போ நீங்க பாத்துக்கிறது சின்ன வீடாக்கா?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்ட அன்றே அது 'தாய்வீடு' ஆகிவிட்டது.

பிரதியில் பன்னிரண்டு வரிகள் மட்டும் எதற்கென்று அவருக்கே தெரியாது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். போகிறவர், மேலே 'தேவை' என்று ஒற்றைச் சொல்லை எழுதிவைத்துவிட்டுப் போனார். தாய்வீட்டுத் திருத்தம் எது வந்தாலும் சரியாக அங்கேதான் வந்து முட்டும். பூட்டக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரிகளைக் காப்பாற்றிவிடுவார்.

போன மாதம் வந்த புது மேலாளரின் கண்ணில் அது பட்டது.

"ஊரே ஒண்ணை வச்சுக்கிட்டிருக்கு, நமக்கு மட்டும் ஏன் தனியா? எடுத்துடுங்க."

"எடுத்தா எங்கயோ உதைக்கும் சார். எங்கன்னுதான் தெரியல."

"உதைக்கட்டும், பாத்துக்கலாம்."

எடுத்தார். மதியம் மூன்று மணிக்குச் சின்னக் கூட்ட அறையின் கண்ணாடியை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். மேலாளர்தான். உள்ளே போகவும் வெளியே வரவும் அட்டை காட்ட வேண்டிய அறை அது. மற்ற கதவுகளுக்கெல்லாம் புதுக் கருவி வந்துவிட்டது. இதில் மட்டும் பழசு. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை அந்தப் பன்னிரண்டு வரிகளில் இருந்திருக்கிறது. அவர் அட்டையைத் தேய் தேய் என்று தேய்த்தார். கருவி சிவப்பாக முறைத்தது.

'எவ்வளவு நேரம்?' என்று காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். பூட்டக்கா பத்து விரலையும் விரித்தார். உள்ளே முகம் வெளிறியதைப் பார்த்து, "நிமிஷம்தான் தம்பி, மணி இல்ல," என்று கதவிடுக்கில் வாய் வைத்துச் சொன்னார்.

பூட்டக்கா ஓடிப்போய் அந்த வரிகளைத் திரும்பச் சேர்க்க, ஒன்பதாவது நிமிடம் கதவு திறந்தது. "அது இருந்துட்டுப் போகட்டும்கா," என்று சொல்லிவிட்டு மேலாளர் நேராகக் கழிவறைக்கு ஓடினார். பூட்டக்கா 'தேவை'க்குப் பக்கத்தில், 'சின்னக் கூட்ட அறைக் கதவுக்கு' என்று எழுதிச் சேர்த்தார்.

மறுநாள் அதே அறையில் கூட்டம். எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்த பூட்டக்கா, வலது கால் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகிவிட்டு, ஒற்றைச் செருப்போடு நடந்துபோய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.