தம்பி வகுத்த முப்பது எழுத்துகள்

1986, மே. ராஜபாளையத்துப் பஞ்சுக் கிட்டங்கியில் என் தம்பி ஒரு புதுமொழிக்கு முப்பது எழுத்துகள் வகுத்தான். அவற்றுக்கு நிகரான தமிழெழுத்துகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்து வீட்டுச் சுப்பராஜுவிடம் கொடுத்தான்.

தம்பி இறந்து ஒரு மாதமாகிறது. இன்று அவன் நோட்டைத் திறந்ததும் பருத்திக்கொட்டை வாசனை எழுந்தது. இடிக்கப்பட்டுவிட்ட அந்தக் கிட்டங்கியின் மூட்டை இடுக்கில், தூசி மிதக்கும் வெயிலில், அவனும் சுப்பராஜுவும் மாறிமாறி எழுதிச் சிரித்ததும், நான் வாசலிலேயே நின்றதும் நினைவுக்குத் திரும்பின.

"ஏலே, எனக்கும் அந்தத் தாளக் காட்டு."

"காட்டுனா நீ அம்புட்டையும் அம்மாட்ட ஒப்பிச்சிருவண்ணே."

மறுநாள் அதைச் சுப்பராஜுவின் சட்டைப்பையிலிருந்து திருடிக் கிழித்தேன். நோட்டு முழுவதும் அவ்வெழுத்துகள்தாம். ஒரு வரியும் எனக்கு விளங்கவில்லை. சுப்பராஜுவுக்கு விளங்கக்கூடும் என்பது இன்றும் பொறுக்கவில்லை.

செய்யாமலிருப்பவை:
சுப்பராஜுவுக்குக் கடிதம் எழுதுவது.
நோட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது.
அவர் வாசிக்கும்போது அருகில் அமர்ந்து கேட்பது.